நானூறு முட்டைச் சுவர்

ஈப்போ லகாட் ரோட்டுக் கிட்டங்கிக்கு நானூறு வாத்து முட்டை வந்து இறங்கிய அன்று, சமையல்காரர் சன்னாசி பின்வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பத்து செட்டியார்கள் உண்டு உறங்கி வட்டிக்கடை நடத்துகிற இடம் அது. அந்த அடுப்பில் இதுவரை கவுச்சி ஏறியதில்லை. ஏற விடுகிற ஆளும் இல்லை அவர்.

“முட்டை உள்ள வரக்கூடாது. நான் இருக்கேன்லா இங்க?”

கூடையைத் தலையில் வைத்திருந்தவன் கொத்தனார் அப்பாவு. அவனுக்குக் கழுத்து இற்று விழுகிற மாதிரி இருந்தது. “அண்ணே, இது திங்கிறதுக்கு இல்லண்ணே. சுவத்துக்கு.”

“சுவரு முட்டை திங்குதா?”

“எங்க ஊருச் சுவரு திங்கும்.”

பின்னால் சுண்ணாம்புச் சட்டியோடு வந்த அவன் பெண்டாட்டி கருப்பம்மாள் சிரித்துவிட்டாள். “வெள்ளைக்கரு சுவத்துக்குண்ணே. மஞ்சக்கரு பக்கத்துச் சீனன் ரொட்டிக் கடைக்கு. ஓடு மட்டும்தான் மிச்சம். அதுவும் ஒங்க ரோசாச் செடிக்கே போட்டுடறேன்.” ரோசாச் செடி என்றதும் சன்னாசி வழிவிட்டார். முறைத்துக்கொண்டேதான் விட்டார்.

இது 1925-இல் நடந்தது. கிட்டங்கிக்கு ஏஜெண்டு வள்ளியப்பன். முதலாளி காசிவிஸ்வநாதன் செட்டியார் தேவகோட்டைப் பக்கம் ஊரோடு இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலேறிப் பினாங்கு வந்து, ரயிலில் ஈப்போ வந்து, எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கணக்கையும் தட்டுவார், கதவையும் தட்டுவார். இந்த முறை அவர் வருவதற்குள் முன்கூடத்துச் சுவரைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்குப் பூக்கல் ஒட்டிவிட வேண்டும் என்று வள்ளியப்பனுக்கு ஆசை. ஜப்பானிலிருந்து வருகிற பீங்கான் கல். சாண் அகலம்கூட இருக்காது. வெள்ளைத் தரையில் நீலப் பூவும் பச்சை இலையும் மேலெழுந்து நிற்கும். பினாங்கில் ஒரு பணக்காரச் சீன டவுக்கே வீட்டில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை.

“கல்லு கப்பல்ல வருது அப்பாவு. வர்றதுக்குள்ள சுவத்தைத் தயார் பண்ணி வை” என்று சொன்னார்.

“எப்படிங்க தயார் பண்ணணும்?”

வள்ளியப்பனும் ஒட்டிய சுவரைத்தான் பார்த்திருந்தார், ஒட்டுவதைப் பார்த்ததில்லை. தெரியாது என்று சொல்ல ஏஜெண்டுக்கு வாய் வருமா? “நம்ம ஊருல நல்ல வீட்டுச் சுவத்தை எப்படிச் செய்வாக? அதே மாதிரி செய்யி. கொறை வைக்காதே” என்றார்.

குறை வைக்காதே என்றால் அவர்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். முட்டைப் பூச்சு.

அப்பாவுக்குப் பூச்சு கொஞ்சம் தெரியும். கருப்பம்மாளுக்கு நிறையத் தெரியும். அவளுடைய அப்பன் செட்டியார் வீடுகளில் பூச்சு வேலைக்குப் போனவன். அவள் நடக்கப் பழகியதே சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான். பிழைக்க வழியில்லாமல் அவளும் புருஷன் அப்பாவுவும் கப்பலேறி வந்து, பத்து காஜா என்ற ஊருக்கு அந்தண்டை ஒரு ரப்பர் தோட்டத்தில் ஐந்து வருஷம் பால் வெட்டினார்கள். அந்த ஐந்து வருஷத்தில் கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால், ரப்பர் மரத்தடியில், இரண்டு பிள்ளைகளைப் புதைத்தார்கள். ஒன்று பதினோரு நாள் இருந்தது. இன்னொன்று ஐந்து மாதம் இருந்து, முகம் பார்த்துச் சிரித்து, அப்புறம் காய்ச்சலில் போனது. கிட்டங்கியில் வேலை இருக்கிறது, பின்கட்டில் ஓர் அறையும் உண்டு என்று வள்ளியப்பன் சொல்லி அனுப்பியபோது, கருப்பம்மாள் கங்காணி உடையப்பனிடம் உத்தரவுகூடக் கேட்கவில்லை. அம்மியை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். இந்தப் பிள்ளை லயத்தில் பிறக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

குனோங் ராப்பாட் மலையடிச் சூளையில் வாங்கின சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டுத் துணியில் வடிகட்டினாள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து அப்பாவு முதல் இரண்டு பூச்சுப் பூசி, மட்டப்பலகை இழுத்து, தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தான். கடைசிப் பூச்சு அவளுடையது. சுண்ணாம்பை அம்மியில் வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து, வெள்ளைக்கரு சேர்த்து, மறுபடி அரைத்து, மெல்லிசாக இழுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்கால மழை கூரையைத் தட்டுகிறவரை தேய்ப்பாள். இருபத்திரண்டு நாள் அப்படித் தேய்த்தாள். வயிறு முட்டும்போது பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து தேய்த்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை வெயில் சன்னல் வழியாக உள்ளே விழுந்தபோது, சுவருக்குள் ஒரு பொம்பளை நின்றாள். கருப்பம்மாள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள். சுவரில் இருந்தவளும் பின்வாங்கினாள். லயத்தில் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் மூக்கைப் பார்த்தால் கண் தெரியாது. தன்னைத் தலையிலிருந்து கால்வரை, அதுவும் இந்த வயிற்றோடு, அவள் பார்த்தது அன்றைக்குத்தான். யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, வயிற்றில் கைவைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது.

வள்ளியப்பன் வந்து மீசையைச் சரிசெய்துகொண்டார், சுவரைப் பார்த்துத்தான். “பேஷ்” என்றார். சன்னாசிகூட, “முட்டை வீண் போகலலா” என்று ஒப்புக்கொண்டார்.

கல் வந்தது. அப்பாவு சிமெந்து குழைத்து முதல் நாள் நாற்பது கல் ஒட்டினான். கூடமே பூந்தோட்டமாகிவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கூடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கல் தரையில் கிடந்தது. சன்னாசி ரசத்தை ஊற்றுவதற்குள் இன்னொரு டப். மோர் சாதத்துக்கு வருவதற்குள் ஏழு கல் விழுந்தாயிற்று.

அப்புறம் அந்தக் கிட்டங்கியில் கணக்கு எழுதுகிறவர்கூட வேறு பேச்சுப் பேசவில்லை. கல் ஏன் விழுகிறது? கப்பலில் உப்புக் காற்றுப் பட்டிருக்கும் என்றார் வள்ளியப்பன். கல்லை நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு ஒட்டினார்கள், விழுந்தது. சிமெந்து பழசு என்றான் அப்பாவு. புது மூட்டை பிரித்தார்கள், விழுந்தது. மணலை ஏழு தண்ணீரில் அலசினார்கள், விழுந்தது. சுவரில் ஒட்டியிருக்கிற கல்லுக்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்து, அடுத்தது எது விழும் என்று இரண்டு குமாஸ்தாக்கள் பந்தயம் வேறு கட்டினார்கள்.

சன்னாசிதான் அதைக் கடைசியில் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. “அய்யா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்கக் கூடாது. வாயும் வயிறுமா இருக்கிறவ கை பட்ட சுவரு அது. சுமக்கிறவ கையி பிடிச்சு வைக்காதுலா, எறக்கித்தான் வைக்கப் பாக்கும். இனிமே அவள உள்ள விடாதீங்க.”

வள்ளியப்பன் படித்தவர். இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் ‘டப்’ என்று அந்த நேரம் பார்த்து இன்னொன்று விழுந்தது. மனுஷன் என்ன செய்வார்?

புதன்கிழமை சாயங்காலம் அப்பாவுவைக் கூப்பிட்டார். “முதலாளி பினாங்குல எறங்க இன்னும் ஒரு மாசம் இல்லை. கல்லு ஒட்டுற சீனத் துக்காங்கைக் கூப்பிட்டுக்கறேன். ஒன் மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை, அப்பாவு. ஒடையப்பன் கங்காணிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். சனிக்கெழமை தோட்டத்து வண்டி வரும்.” பேரேட்டைப் புரட்டிக்கொண்டே, “அதுவரைக்கும் ஒன் பெண்டாட்டி கூடத்து வாசப்படி தாண்ட வேண்டாம்” என்றார்.

அப்பாவு பின்கட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, ரப்பர் வெட்டுக்காட்டில் இருந்த பழைய ஞாபகத்தில் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டான். கருப்பம்மாள் கருவாட்டுக் குழம்புக்கு மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். கிட்டங்கி அடுப்பில் நடக்காத சமையல். பின்கட்டில் தனியாகக் கல் கூட்டித்தான் வைப்பாள்.

மிளகாய் அரைபடவில்லை. குழவியை இழுத்தால் மிளகாய் வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. தள்ளினால் இந்தப் பக்கம் வந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இந்தச் சனியன் பிடிச்ச அம்மியும் சேந்துக்கிட்டு வெளாட்டுக் காட்டுது” என்று குழவியை ஓங்கி வைத்தாள். அம்மியைக் கையால் தடவினாள். வழவழவென்று இருந்தது. இருபத்திரண்டு நாள் சுண்ணாம்பு அரைத்ததில் அம்மி பல் தேய்ந்து மழுங்கிவிட்டது.

“மச்சான், அந்த உளியக் குடு.”

“எதுக்கு?”

“அம்மி கொத்தணும்.”

“சனிக்கெழம வண்டி வருதுங்கிறேன், இவ அம்மி கொத்துறாளாம்.”

“லயத்துக்குப் போனாலும் மொளகா அரைச்சுத்தானே ஆகணும்? குடு.”

உளியும் சுத்தியும் வாங்கி, டிக் டிக் என்று அம்மி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொத்தினாள். கொத்தின இடத்தில் மிளகாயை வைத்து இழுத்தாள். பிடித்துக்கொண்டது. நாலே இழுப்பில் மசிந்தது. விழுதை வழித்து எடுத்தவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

“மச்சான், விழுந்த கல்லு ஒண்ணு எடுத்துட்டு வா.”

“வேற வேலையில்ல?”

“வான்னா வாயேன்.”

அப்பாவு கொண்டுவந்தான். அவள் கல்லைத் திருப்பிப் பார்த்தாள். கல்லின் முதுகில் சிமெந்து அப்படியே அப்பியிருந்தது.

“இது விழுந்த எடத்துல சுவரு எப்படி இருக்கு? சிமெந்து கொஞ்சமாச்சும் ஒட்டியிருக்கா?”

அப்பாவு யோசித்தான். “இல்ல. தொடச்சு விட்டாப்புல இருக்கு. ஒன் முகம் தெரியும்.”

“அப்ப கல்லுமேல தப்பு இல்ல. சிமெந்து மேலயும் இல்ல. கல்லு கெட்டியாத்தான் பிடிச்சிருக்கு. சுவருதான் விட்டிருக்கு.” மிளகாய்க் கையை முந்தானையில் துடைக்காமல், தண்ணீரில் கழுவினாள். “இன்னும் ஒண்ணு எடுத்துட்டு வா, நல்லதா. கொஞ்சம் சிமெந்து. அந்தக் கல்லத் தண்ணியில போடு. அம்மியத் தூக்கிச் சுவத்தோட சாச்சு நிறுத்து.”

“அம்மிய நிறுத்தி?”

“அம்மிதான் நம்ம சுவரு. கொத்துன சுவரு.”

“கருப்பு, ஒனக்கு வேணாம், நான் ஒட்டுறேன்.”

“ஒன் கைதான் கூடத்துல ஒட்டுச்சு, விழுந்துச்சு. என் கையச் சொன்னாங்கல்ல? என் கைதான் ஒட்டணும். எட்டாம் மாசத்துக் கை.” சொல்லும்போது குரல் உடைந்தது.  கழுவிய அம்மியின் ஒரு முனையில் நீலப் பூக்கல்லை அழுத்தி வைத்து, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டாள். இரண்டு நாளும் சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்தாள். சாக்கைத் தூக்கி மட்டும் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். இரண்டு பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே துணி தைத்து வைத்தவள் அவள். இந்த முறை ஒரு கிழிசலைக்கூட எடுத்து வைக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் தோட்டத்து வண்டிக்காரன் அர்ச்சுனன் முன்வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். பின்சந்தில் முதல்நாள் மழைச் சேறு, வண்டி வராது. சட்டி பானை, பாய், துணி மூட்டை எல்லாம் சுற்றிக்கொண்டு போயாயிற்று. அம்மி மட்டும் பாக்கி. அதைச் சேற்றில் தூக்கிக்கொண்டு சுற்ற முடியாது. அப்பாவும் சன்னாசியும் ஆளுக்கொரு முனை பிடித்து, சாக்கோடு, கூடத்தின் வழியாகவே தூக்கி வந்தார்கள்.

பாதிக் கூடத்தில் சன்னாசிக்குப் பிடி வழுக்கியது. “வைய்யி, வைய்யி” என்று கத்திக்கொண்டே இறக்கினார். சாக்கு நழுவியது. கணக்குப் பெட்டியடியில் உட்கார்ந்திருந்த வள்ளியப்பனின் கண் நேராக நீலப் பூவின் மேல் விழுந்தது.

“அப்பாவு, அது யாரு கல்லு?”

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. “ஒங்க கல்லுதாங்க. எடுத்துட்டுப் போகணும்னு இல்லீங்க, ஒரு இதுக்காக...”

“எந்த இதுக்காகவும் வேண்டாம். நான் ஒன்னைத் திருடன்னு சொல்லலை. எடுத்து வச்சுட்டுப் போ.”

அப்பாவு குனிந்து கல்லைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. பூச்சுக் கரண்டி நுனியைக் கொடுத்து நெம்பினான். வரவில்லை. “நகரு, நான் பாக்கறேன்லா” என்று சன்னாசி தேங்காய் உரிக்கிற கம்பியை எடுத்து வந்தார். கம்பியை வைத்து அழுத்தினார். கல்லின் ஓரம் கொஞ்சம் சில்லு பெயர்ந்தது. கல் பெயரவில்லை. குமாஸ்தாக்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அர்ச்சுனன் மாட்டை விட்டுவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். ஏஜெண்டு வள்ளியப்பன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே வந்து உட்கார்ந்து கம்பியை வாங்கினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், அம்மியைப் பார்த்தார்கள்.

“யாரு ஒட்டினது?” என்று கேட்டார் வள்ளியப்பன்.

“நான்தாங்க.” கூடத்து வாசற்படிக்கு வெளியே நின்று கருப்பம்மாள் சொன்னாள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவள் படி தாண்டவில்லை.

“நீயா? ஒன் கையாலயா?”

“ஆமாங்க.”

சன்னாசி கம்பியைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அப்ப என் சுவத்துல மட்டும் ஏன் நிக்கலை?”

“அம்மி மழுங்கிப் போச்சுங்க. மொளகா வழுக்குச்சு. கொத்துனேன், பிடிச்சுக்கிச்சு. சுவத்த நாங்க ரொம்ப நல்லாச் செஞ்சுட்டோம்ங்க. ஈ ஒக்காந்தாக்கூட வழுக்கும். அதுல சிமெந்து எதப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்? ஒரு பல்லு வேணும்லங்க அதுக்கு? நெஞ்சு ஒசரத்துக்குச் சுவத்தக் கொத்திவிடணும். அம்மி மாதிரி.”

வள்ளியப்பன் எழுந்து சுவர் அருகே போனார். அவருடைய முகம் தெரிந்தது. “நம்ம ஊரு மாதிரி செய்யின்னு நான்தானே சொன்னேன்” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. அப்புறம் திரும்பினார். “ஒரு வாரம் தரேன். நிக்கலைன்னா அடுத்த சனிக்கெழமை வண்டி. உள்ள வா, கருப்பம்மா. படியில நிக்க வேண்டாம்.”

அர்ச்சுனன் முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளை இறக்கினான்.

அப்பாவு கொத்துளியை எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் உட்கார்ந்தான். உளியை வைத்தான், எடுத்தான். வேறு இடத்தில் வைத்தான், எடுத்தான். “எனக்குக் கை வரலை புள்ள” என்றான். “இருவத்திரண்டு நாளு ஒக்காந்து தேச்சிருக்கே.”

கருப்பம்மாளுக்கு மட்டும் மனசு வருமா?  ஆனால் வண்டிச் சக்கரத்தின் தடம் வாசலில் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் சுத்தியை வாங்கிக்கொண்டாள். சுவருக்குள்ளே வயிற்றோடு நின்றவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தாள். அந்த வயிறு தெரிந்த இடத்தை விட்டு ஒரு முழம் தள்ளி உளியை வைத்து அடித்தாள். டிக்கென்று வெள்ளைச் சில்லு பறந்தது. “இப்ப வரும், அடி மச்சான்” என்று உளியை அவனிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். தண்ணீர் எடுத்துவர வழக்கத்தைவிட நேரமானது.

மூன்று நாள் கொத்தினான். தூசி போகத் துடைப்பத்தால் கூட்டி, சுவர் குடிக்கிற மட்டும் தண்ணீர் அடித்து, ஊறிய கல்லை வரிசையாக ஒட்டினான். முதல் வரிசைக்கு முன்னால் குமாஸ்தாக்கள் மறுபடி பெஞ்சு போட்டார்கள். ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் அவர்களுக்கே சலித்துப்போய் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நெஞ்சுக்குக் கீழே பூக்கல்லும் நெஞ்சுக்கு மேலே முட்டைப் பூச்சும், கூடம் எடுப்பாக இருந்தது. மேலே மிச்சமிருந்த பூச்சில் கருப்பம்மாளுக்கு இப்போது முகமும் தோளும் மட்டும்தான் தெரிந்தன.

காசிவிஸ்வநாதன் செட்டியார் வந்தார். செருப்பைக் கழற்றியதும் விரல் முட்டியை மடக்கிக்கொண்டு கல்லைத் தட்ட ஆரம்பித்தார். வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக, காதைச் சாய்த்துக்கொண்டு, கூடம் முழுக்கத் தட்டினார். காப்பி ஆறிப்போயிற்று. உள்ளே காலியாக இருந்தால் வருகிற பொள்ளல் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை.

“வள்ளியப்பா, கல்லு ஜப்பான்காரன் செஞ்சிருப்பான். சுவத்தைத் தயார் பண்ணினது யாரு?”

வள்ளியப்பன் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். சன்னாசி தானே போய்க் கூட்டிவந்தார். நிறைமாத வயிற்றோடு கருப்பம்மாள் மெள்ள நடந்து கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். பின்னால் அப்பாவு.

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். “பொம்பளப் புள்ளையா? நல்ல வேலை ஆத்தா. என்ன வேணும் ஒனக்கு? கேளு.”

அப்பாவு பின்னாலிருந்து முந்தானையை இழுத்தான். ஏதாவது நல்லதாகக் கேள் என்று அர்த்தம்.

“ஒரு அம்மி வேணும்ங்க” என்றாள் கருப்பம்மாள். “இருந்த அம்மியில ஒங்க கல்லு ஒட்டிக்கிச்சு. பாதி அம்மிதான் மிச்சம்.”

செட்டியார் கடகடவென்று சிரித்தார். “அம்மியா! இவ்வளவுதானா?”

“பெரிய அம்மியா வேணும்ங்க.” அவள் சிரிக்கவில்லை. முதலாளியை விட்டுவிட்டு வள்ளியப்பனைப் பார்த்தாள். “மாட்டு வண்டியில ஏத்த முடியாத அம்மியா.”

வள்ளியப்பனின் முகம் மாறியது. வாசலைப் பார்த்தார். அவளுடைய வயிற்றைப் பார்த்தார். 

“சன்னாசி, பாசாருக்கு ஆள் அனுப்பு” என்றார். “நாலு பேரா அனுப்பு.”